டிரம்ஸிலிருந்து டிராக்குக்கு: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும், முப்பது நாற்பது வயதில் புதிதாக ஓட வருகிறவர்களுக்கும் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தேன். இந்த இரண்டாவது விஷயம் தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாட்ஸ்அப்பில் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பெற்றோர் கேட்டது, பழைய பேண்ட் நண்பர்கள் கேட்டது, ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே யாராவது கேட்டது, எல்லாம் இதில் இருக்கிறது.

நிஜமாகவே ராக் வாசித்தீர்களா? மதுரையிலா?

ஆரம்பம் மதுரையில்தான். எங்கள் சர்ச்சில் ஒரு பழைய டிரம் கிட் இருந்தது. ஸ்னேர் என்கிற சின்ன டிரம்முக்கு அடியில் இருக்கிற கம்பிகளில் பாதி அறுந்திருக்கும், பேஸ் டிரம் வழுக்கிக்கொண்டு முன்னால் போகாமல் இருக்க ஒரு செங்கல் வைத்திருப்பார்கள். பதின்மூன்று வயதில் அதில் உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில் மதுரையில் டிரம்ஸ் வாசிக்க வேண்டும் என்றால் இரண்டே இடம்: சர்ச், இல்லையென்றால் கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரி. இரண்டிலும் வாசித்தேன். ஞாயிறு காலை ஆராதனை, சித்திரை வைகாசி என்றால் ராத்திரி பூராவும் ஊர் ஊராகக் கச்சேரி.

ராக் எங்களுக்கு நண்பனின் அண்ணன் வைத்திருந்த சிடிக்கள் வழியாக வந்தது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் பெங்களூர் பேலஸ் மைதானத்துக்கு வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். நான்கு பேர் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போனோம், திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை, தொண்டை போயிருந்தது. அப்புறம் சொந்தமாக ஒரு பேண்ட், கல்லூரி விழாப் போட்டிகள், 2009இல் சென்னைக்கு ஜாகை. ஓட்டல்களில் கவர் பாட்டுகள் (மற்றவர்களின் பாட்டுகளை வாசிப்பது), கம்பெனி ஆண்டு விழாக்கள், நடுநடுவே எங்கள் சொந்தப் பாட்டுகள். 2017 வரைக்கும் அதுதான் வாழ்க்கை.

அப்புறம் ஏன் விட்டீர்கள்?

மணிக்கட்டு. 2016இல் வலது மணிக்கட்டில் தசைநாண் வீங்கி, காலையில் டம்ளரைத் தூக்கினால்கூட வலித்தது. டாக்டர் மூன்று மாசம் ஸ்டிக்கைத் தொடக்கூடாது என்றார். பத்து வருஷமாகத் தினமும் நான்கு மணி நேரம் கையும் காலும் அசைத்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். தூக்கம் வரவில்லை, சாப்பாடு அதிகமானது, எடை 96 கிலோவுக்குப் போனது. கையைப் பயன்படுத்தாமல் செய்யக்கூடிய ஒரே காரியம் நடப்பதுதான் என்று நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. மூன்று மாசம் முடிந்து திரும்பிப் போனபோது பேண்டில் வேறு ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். அது அவர்கள் தவறு இல்லை, ஷோக்கள் காத்திருக்காது. அதே சமயம் ஓரிடத்தில் எட்டு மாசச் சம்பள பாக்கி நின்றுபோனது, ஊரில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். எல்லாம் சேர்ந்து மதுரைக்குத் திரும்பினேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இசையில் தோற்றுப்போய் விளையாட்டுக்கு வந்தேன் என்று யாராவது அனுதாபமாகப் பார்க்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும். டிராக்கில் நான் சொல்லித்தருகிற ஒவ்வொரு விஷயமும் டிரம் கிட்டில் உட்கார்ந்து கற்றதுதான்.

டிரம்ஸ் வாசிப்பதும் உடற்பயிற்சிதானா?

ஆமாம். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ப்ளாண்டி என்ற ராக் குழுவின் டிரம்மர் க்ளெம் பர்க், இங்கிலாந்தில் விளையாட்டு அறிவியல் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து பல வருஷம் தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தார். முகத்தில் மூச்சை அளக்கிற மாஸ்க், நெஞ்சில் பட்டை, விரல் நுனியில் ரத்தம் எடுப்பது, இதையெல்லாம் வாசித்துக்கொண்டே. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியில் அவருடைய இதயம் நிமிடத்துக்குச் சராசரியாக 140 முதல் 150 வரை துடித்தது, உச்சத்தில் 190ஐத் தொட்டது. முதல் தரக் கால்பந்து வீரர்கள் ஆட்டத்தில் காட்டுகிற அளவோடு அதை அவர்கள் ஒப்பிட்டார்கள். 2025இல் அவர் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பாட்டு இல்லை, அந்த மாஸ்க் போட்ட முகம்தான்.

ஆனாலும் டிரம்மர் என்றால் நேராக வந்து பத்து கிலோமீட்டர் ஓடிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இதயம் தயாராக இருக்கும், எலும்பும் மூட்டும் தயாராக இருக்காது. உட்கார்ந்து வாசிக்கிறவர் உடம்பின் மொத்த எடையைக் காலில் தாங்கிப் பழகியிருக்க மாட்டார். நான் முதல் வருஷம் இதில்தான் கெட்டேன், கீழ்க்கால் முன் எலும்பு வலியில் ஆறு வாரம் போனது.

ராக் இசையிலிருந்து விளையாட்டுக்குப் போனவர்கள் வேறு யாராவது உண்டா?

நிறைய பேர். எனக்கு மிகவும் பிடித்தவர் அயர்ன் மெய்டனின் பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன்தான். பெங்களூரில் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டே பாடினார், அப்போது வயது 48. அவர் வாள்வீச்சு வீரர். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதை எண்பதுகளில், பேண்ட் உலகம் சுற்றிக்கொண்டிருந்த நேரத்திலேயே மறுபடி எடுத்து, பிரிட்டனில் தேசிய அளவில் போட்டியிடுகிற வரைக்கும் போனார். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம். வலது கையால் வாள் பிடித்துப் பழகியவர், இடது கைதான் தனக்கு நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் கையை மாற்றிக்கொண்டார். உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஆள், ஒரு பயிற்சிக் கூடத்தில் போய், தெரிந்ததை வைத்துவிட்டு மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கிறார். அப்புறம் விமானம் ஓட்டக் கற்று, பயணிகள் விமானத்துக்கே பைலட் ஆனார், 2008இல் பேண்டின் சொந்தச் சுற்றுப்பயண விமானத்தை ஓட்டிக்கொண்டு மும்பைக்கும் வந்தார்.

க்ரீம் குழுவின் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர் கதை சுற்றி வந்த கதை. பதினைந்து பதினாறு வயதில் சைக்கிள் பந்தய வீரன் ஆக வேண்டும் என்று இருந்தவர், சைக்கிள் நொறுங்கிப் போனதில் டிரம்ஸுக்கு வந்தார். ராக் டிரம்ஸையே மாற்றிப்போட்ட பிறகு, நைஜீரியாவில் இருந்த காலத்தில் போலோ பிடித்துக்கொண்டது. அப்புறம் பல வருஷம் குதிரைகள்தான், தென்னாப்பிரிக்காவில் பண்ணை வைத்து வளர்த்தார். முதலில் விளையாட்டு, நடுவில் இசை, மறுபடி விளையாட்டு.

பாடகர் எல்டன் ஜான் 1976இல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டு கால்பந்து கிளப்புக்குத் தலைவர் ஆனார். அப்போது அந்த அணி நான்காவது டிவிஷனில் கிடந்தது. க்ரஹாம் டெய்லரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்து, 1982இல் முதல் டிவிஷனுக்கு ஏற்றி, அடுத்த சீசனிலேயே இரண்டாம் இடம். 1984இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. பணம் போட்டார் என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது, சின்ன ஊர் கிளப் ஒன்றின் ஆட்டங்களுக்கு வந்து வருஷக் கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் குழுவின் பில்லி கோர்கன் 2017இல் ஒரு மல்யுத்த அமைப்பையே வாங்கி நடத்துகிறார், ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் குடியை விட்டு கோல்ஃபில் இறங்கினார், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃப்ளீ 2011இல் லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தான் ஓடினார். இவர்கள் எல்லாம் வசதி உள்ளவர்கள், நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நண்பன் கேட்டான். வசதி வேறு, சரி. ஆனால் டிக்கின்சன் கை மாற்றியதற்குக் காசு தேவைப்படவில்லை.

இசையிலிருந்து உங்களோடு வந்தது என்ன?

மெதுவாகப் பழகுவது. இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரம்ஸில் முதலில் சொல்லித்தருவது பாராடிடில் என்று ஒன்று. வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. அவ்வளவுதான். சீராக க்ளிக் சத்தம் போடுகிற மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60இல் வைத்து இதைப் பத்து நிமிடம் அடிக்கச் சொன்னால் பெரும்பாலான பையன்களுக்கு இரண்டாவது நிமிடத்தில் பொறுமை போய்விடும், 120க்கு ஏற்றிவிடுவார்கள். 120இல் பிழை கேட்காது, வேகம் மூடிவிடும். 60இல் ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கும், இடது கை பலவீனம் என்றால் அப்பட்டமாகத் தெரியும். எங்கள் தெருவில் ஒரு தவில் வித்வான் இருந்தார். பெரியவர், மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் எல்லா விசேஷத்துக்கும் போவார். சிஷ்யப் பிள்ளைகளை மாசக்கணக்கில் முதல் காலத்திலேயே, அதாவது மெதுவான வேகத்திலேயே, உட்கார வைத்திருப்பார், இரண்டாம் காலம் மூன்றாம் காலம் என்று பேச்சே எடுக்க விடமாட்டார். சின்ன வயதில் அது எனக்குக் கொடுமையாகத் தெரிந்தது. ராக் வாசிக்கப் போன பிறகுதான், பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்கிற டபுள் பெடலில் என் கால் சிக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்தது.

ஓட்டமும் அதேதான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாளே மூச்சு முட்ட ஓடுவார்கள், மூன்றாம் நாள் வரமாட்டார்கள். நீண்ட தூரம் ஓடுகிற பெரிய வீரர்கள் தங்கள் பயிற்சியில் பெரும் பங்கை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். அந்த வேகத்தில்தான் தசைக்குள் ரத்தம் போகிற நுண்குழாய்கள் பெருகுகின்றன, தசைநாரும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக உறுதியாகின்றன, இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. என்னிடம் வருகிறவர்களுக்கு இதை "முதல் காலம்" என்றே சொல்கிறேன். மதுரைக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தப் பெயிண்ட் வாளி எதற்கு?

டிராக்குக்கு வந்த எல்லோரும் கேட்பது இது. ஒரு பிள்ளைக்காக ஆரம்பித்தது.

ஒன்பதாம் வகுப்பு, 800 மீட்டர் ஓடுகிறவள். அரசுப் பள்ளி, அவர்கள் பி.டி. மாஸ்டர்தான் கூட்டிவந்தார். 800 என்றால் டிராக்கில் இரண்டு ரவுண்டு. இவள் முதல் 200 மீட்டரை 34 விநாடியில் பறந்துவிடுவாள், இரண்டாவது ரவுண்டில் பாதியிலேயே தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிடும், கடைசி 150 மீட்டர் பார்க்கவே முடியாது. மொத்தம் 2 நிமிடம் 52 விநாடி. ஒவ்வொரு 200 மீட்டரையும் சீராக 40 விநாடியில் ஓடினால் 2:40. கணக்கு அவளுக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடத்தான் தோன்றும், அவளைச் சொல்லிக் குற்றம் இல்லை.

வீட்டிலிருந்து காலிப் பெயிண்ட் வாளி ஒன்றையும், இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய ஸ்டிக் இரண்டையும் கொண்டுவந்தேன். ஐம்பது மீட்டருக்கு ஒரு கோன் வைத்தேன். வாளியைக் கவிழ்த்து விநாடிக்கு ஒன்றாக அடிப்பேன், பத்தாவது அடி விழும்போது அவள் அடுத்த கோனில் இருக்க வேண்டும். முதல் நாள் எட்டாவது அடிக்கும் ஒன்பதாவது அடிக்கும் நடுவிலேயே கோனைத் தாண்டிவிட்டாள். நிறுத்து, திரும்பி வா, மறுபடி. பத்து நாள் இப்படி. "சார், இவ்வளவு மெதுவா ஓடினா எல்லாரும் என்னைத் தாண்டிருவாங்க" என்று ஒருநாள் கண் கலங்கிவிட்டாள். தாண்டட்டும்மா, இரண்டாவது ரவுண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மூன்றாவது வாரம் பத்தாவது அடியும் அவள் இடது காலும் ஒன்றாக விழுந்தன. அப்போதுதான் எங்கள் ரிகர்சல் வித்தை ஒன்றைச் செய்தேன். பேண்டில் க்ளிக் சத்தத்தோடு வாசித்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் நான்கு பார் (நான்கு தாளச் சுற்று) க்ளிக்கை நிறுத்திவிடுவோம், திரும்ப வரும்போது நாம் அதே இடத்தில் இருக்கிறோமா என்று பார்க்க. அதே மாதிரி அவள் இரண்டாவது கோனைத் தாண்டியதும் வாளியை அடிப்பதை நிறுத்தினேன். மைதானத்தில் அவள் காலடிச் சத்தம் மட்டும். நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போய் நாற்பதாவது எண்ணில் மறுபடி அடித்தேன், அவள் கோனுக்கு ஒரு எட்டு முன்னால் இருந்தாள். அந்தக் காலையில் எனக்கு வந்த சந்தோஷம் எந்த மேடையிலும் வந்ததில்லை.

வருவாய் மாவட்டப் போட்டியில் 2:41, நான்காவது இடம். பதக்கம் இல்லை என்று அழுதுகொண்டே போனாள். மறுநாள் ஐந்து மணிக்கு எனக்கு முன்னால் வந்து கோன் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து வாளி தினமும் வருகிறது.

பாட்டு கேட்டுக்கொண்டே ஓடலாமா?

டிராக்கில், தனியாக, மெதுவாக ஓடும்போது கேளுங்கள். ரோட்டில் வேண்டாம். மதுரையில் பின்னால் வருகிற வண்டியைக் கண் பார்ப்பதற்கு முன் காதுதான் கேட்கும். அதிகாரபூர்வமான தடகளப் போட்டிகளில் ஹெட்போனுக்கு அனுமதியும் கிடையாது, இல்லாமலே பழகிவிடுவது நல்லது.

தாளத்துக்கு ஓடலாமா என்றும் கேட்கிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வீரர்களின் காலடிகளை எண்ணிப் பார்த்தார், கிட்டத்தட்ட எல்லோருமே நிமிடத்துக்கு 180 அடிக்கு மேல் வைத்தார்கள். அதிலிருந்து 180 என்பது மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. அவர் பார்த்தது ஒலிம்பிக் வேகத்தில் ஓடுகிறவர்களை. உங்கள் உயரம், வேகம், கால் நீளம் இதையெல்லாம் பொறுத்து மெது ஓட்டத்தில் 160, 165 வந்தாலும் தப்பில்லை. நீண்ட எட்டு வைத்துக் குதிகாலை முன்னால் குத்துகிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தாளத்தைக் கூட்டிக் கொடுக்கிறேன், இப்போதைய எண்ணிக்கையிலிருந்து நூற்றுக்கு ஐந்து கூட்டினால் போதும், முழங்காலுக்குப் பாரம் குறையும்.

காது எப்படி இருக்கிறது?

இரைச்சல் இருக்கிறது. இரவு எல்லாம் அடங்கிய பிறகு இடது காதில் ஒரு மெல்லிய விசில், பத்து வருஷமாக. இடது பக்கம்தான் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டு இருக்கும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழில் பாதுகாப்பில் சொல்கிற கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். ராக் மேடையில் அதைவிட அதிகம், அதுவும் மணிக்கணக்கில். வாசிக்கிற தம்பிகளே, காதுக்குப் ப்ளக் வாங்குங்கள், இன்றைக்கே. போன செவித்திறன் திரும்பி வராது.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பீர்களா?

கண்டிப்பாக. ஒரு அம்மா மிகவும் தயங்கிக் கேட்டார், நீங்கள் சத்தம் வைத்துத்தானே சொல்லித்தருகிறீர்கள் என்று. தாளம் காதில் மட்டும் இல்லை. அந்தப் பையனை வாளி மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன், நான் ஓரத்தில் அடித்தேன், இரண்டே நிமிடத்தில் கால் தட்ட ஆரம்பித்துவிட்டான். காது கேளாதோர் போட்டிகளில் துப்பாக்கிக்குப் பதில் விளக்கு எரியும், அதற்குக் கண்ணைப் பழக்கினால் போதும். நம் ஊர் ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கி வந்தவர். மதுரையில் இருந்துகொண்டு இந்தத் தயக்கம் நமக்குத் தேவையே இல்லை.

என்ன இழந்தீர்கள்?

ராத்திரியை. மேடை முடிந்து, ஒயர் எல்லாம் சுருட்டி, மூன்று மணிக்கு ரோட்டுக் கடையில் நான்கு பேரும் ஒன்றும் பேசாமல் பரோட்டா சாப்பிடுவோமே, அந்த நேரம் இனி எனக்கு இல்லை. இப்போது மூன்றரை மணிக்கு அலாரம் அடிக்கிறது. தூக்கத்தை மாற்ற ஒரு வருஷம் ஆனது.

கைதட்டலும் இல்லை. பயிற்சியாளருக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், தட்டவும் கூடாது. அது சரியாக நடந்த நாளில் பிள்ளை ஓடுவது மட்டும்தான் தெரியும். டிரம்மராக இருந்தது இதில் எனக்கு உதவியது. மேடையில் எப்போதும் பின்னால் உட்கார்ந்திருந்தவன், முன்னால் நிற்கிறவர் நன்றாகப் பாட வேண்டும் என்பதற்காகவே வாசித்தவன்.

வயது ஆகிவிட்டதே, இனிமேல் முடியுமா?

நான் ஓட ஆரம்பித்தபோது 28. என்னிடம் இருக்கிறவர்களில் மூத்தவருக்கு 61, கீழமாசி வீதியில் மளிகைக் கடை. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர், நெஞ்சு வலி என்று எதுவும் இருந்தவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள், அது மட்டும்தான் நிபந்தனை. உடம்பு எந்த வயதிலும் கற்றுக்கொள்ளும், நேரம் கொஞ்சம் அதிகம் கேட்கும். அவ்வளவுதான்.

பயிற்சியாளர் ஆவது எப்படி? சான்றிதழ் வேண்டுமா?

வேண்டும். நன்றாக ஓடத் தெரிந்ததை வைத்து இன்னொருவர் உடம்பில் கை வைக்கக்கூடாது, அதுவும் வளர்கிற பிள்ளையின் உடம்பில். 1961இல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும், முழு டிப்ளமோவும் இருக்கின்றன. டிப்ளமோவுக்கு அந்த விளையாட்டில் நீங்கள் போட்டியிட்ட சான்றிதழ்கள் கேட்பார்கள். நான் 2019இல் ஆறு வாரப் படிப்புத்தான் முடித்தேன். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் அது வேறு வழி, பி.பி.எட். படிக்க வேண்டும். இவற்றோடு முதலுதவிப் பயிற்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாசம் மதுரை வெயிலில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் நீங்கள்தான் இருப்பீர்கள்.

இதில் வருமானம் உண்டா?

பெரியவர்களிடம் மாதக் கட்டணம் வாங்குகிறேன், அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்குவதில்லை. மாலையில் வீட்டில் டிரம்ஸ் வகுப்பு எடுக்கிறேன், வீட்டு வாடகை அதிலிருந்துதான். ஆகவே, கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு உடனே இறங்காதீர்கள். காலை இரண்டு மணி நேரத்தில் ஆரம்பியுங்கள், ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

என் பிள்ளை ஓடினால் எதிர்காலம் இருக்கிறதா சார்?

இது அம்மா அப்பாக்கள் கேட்பது, நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு வேலைகளில் சாதித்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே எடுக்கிறது, கல்லூரிகளில் விளையாட்டு இடம் இருக்கிறது. குறுவட்டத்திலிருந்து மாநிலம் வரைக்கும் போகிற பிள்ளைக்கு வழி உண்டு. சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. பெற்றோர் சின்ன வயதிலேயே இறந்துவிட, கூலி வேலை பார்த்த பாட்டி வளர்த்த பெண். செருப்பில்லாமல் ஓடியவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்து, இதே ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பழக்கி, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓட வைத்தார். உங்கள் பிள்ளை ஓடுகிற அதே லேன்.

ஆனால் உங்கள் பிள்ளை அங்கே போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். யாராவது கொடுத்தால் அவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

இசை, விளையாட்டு இரண்டையும் பிள்ளை படிக்கலாமா?

பன்னிரண்டு வயது வரைக்கும் இரண்டும் படிக்கட்டும், தாராளமாக. பறை, தவில், மிருதங்கம், டிரம்ஸ் என்று ஏதாவது தாள வாத்தியம் பழகிய பிள்ளைகளுக்கு ஓட்டத்தில் வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது சீக்கிரம் வருகிறது, இது என் கண்ணால் பார்த்தது.

மதுரையில் எங்கே ஓடலாம்?

வேகப் பயிற்சிக்கு ரேஸ்கோர்ஸ், 400 மீட்டர் செயற்கை ஓடுதளம். மெது ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்தது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய குளம், தண்ணீர் இருக்கிற மாதங்களில் அதன் மேல் வருகிற காற்றில் ஓடிப்பாருங்கள். மேடு ஏறிப் பழக கீழக்குயில்குடி சமணர் மலைப் பக்கம் போகலாம், பாறைப் படிகளில் நடங்கள், ஓடாதீர்கள், இறங்கும்போது வழுக்கும். திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையைப் பௌர்ணமி அன்று விட்டுவிடுங்கள், நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல்.

அரை மாரத்தான் 21 கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று கேட்கிறவர்களிடம் அழகர்கோவில் வரைக்கும் என்பேன். மதுரையிலிருந்து கிட்டத்தட்ட அதே தூரம்தான். அழகர் சித்திரையில் அங்கிருந்து ஒவ்வொரு மண்டகப்படியிலும் நின்று நின்று வந்துதான் ஆற்றில் இறங்குகிறார். 2018இல் என் முதல் அரை மாரத்தானில் பதினைந்தாவது கிலோமீட்டரில் கால் இழுத்துக்கொண்டபோது நானும் நின்று, தண்ணீர் குடித்து, நடந்து, மறுபடி ஓடி முடித்தேன்.

இப்போதும் வாசிக்கிறீர்களா?

கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில். அதே கிட், ஸ்னேர் கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். மணிக்கட்டு ஒரு மணி நேரம் தாங்குகிறது.

எப்போது வரலாம்? என்ன கொண்டுவர வேண்டும்?

ஞாயிறு தவிர தினமும் காலை ஐந்து மணி. ஏப்ரல், மே மாதங்களில் நாலரை, ஏழு மணிக்கு மேல் யாரையும் ஓட விடமாட்டேன். புது ஷூ வாங்கிக்கொண்டு வராதீர்கள், இருப்பதைப் போட்டு வாருங்கள், நீங்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஒரு பாட்டில் தண்ணீர், முடிந்தால் உப்புப் போட்ட நீர்மோர். முதல் மூன்று வாரம் நடையும் மெது ஓட்டமும் மட்டும்தான், நேரம் பார்க்கக் கூடாது. கையில் வாட்ச் இருந்தால் கழற்றி என் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்.